சித்திரை வெயிலில் நாயும் பூனையும்

ஏப்ரல் முதல் வாரத்தையொட்டிச் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். நமக்கு வேர்த்துக் கொட்டும். நாய்க்கு அந்த வசதி கிடையாது. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் அது உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. கடலோர ஈரக்காற்றில் அதுவும் சரியாக வேலை செய்யாது. பக், ஷிட்சூ மாதிரிச் சப்பை மூக்கு நாய்கள் என்றால் இன்னும் பாடு.

காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போவதென்றால் விடிய வெள்ளென, இல்லாவிட்டால் பொழுது சாய்ந்தபின். புறங்கையைத் தார் ரோட்டில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். கை பொறுக்காவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. "இந்தா வந்துவிடுகிறேன்" என்று காருக்குள் விட்டுப்போவது வேண்டவே வேண்டாம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் 10 நிமிடத்தில் உள்ளே சுமார் 10 பாகை கூடிவிடும்.

நாயின் வழமையான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை. 41ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. விடாமல் இரைப்பது, கொழகொழவென்று எச்சில் வழிவது, ஈறு கடும் சிவப்பாவது, தள்ளாடுவது என்று எதைக் கண்டாலும் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, ஃபேனைப் போடுங்கள். மத்தியானத்தில் மொட்டைமாடித் தாங்கித் தண்ணீரே சுடும், கொஞ்ச நேரம் திறந்து ஓடவிட்டுப் பிடியுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே நிற்கும். அப்புறம் நேரே மிருக வைத்தியர்தான்.

பூனை தானே குளிர்ந்த தரையைத் தேடிப் படுத்துக்கொள்ளும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் காற்றுக்காகத் திறந்து வைக்கும் ஜன்னல்தான் அதற்கு ஆபத்து, வலை அடித்துவிடுங்கள்.