காது டெஸ்ட் நார்மல், ஆனா சொன்னது புள்ளைக்கு விளங்கலயா? ஏபிடி பத்தி பாருங்க

கூப்பிட்டா "ஆங்? என்ன?"ன்னு திரும்பத் திரும்ப கேக்குறது, டிவி ஓடும்போது "தட்ட எடுத்து வச்சிட்டு கதவ சாத்திட்டு வா"ன்னா பாதில நிக்குறது, 'தட்டு'ன்னு சொன்னா 'கட்டு'ன்னு எடுத்துக்குறது, இதெல்லாம் இருந்தும் ஆடியோகிராம் (காது கேக்குதான்னு பாக்குற டெஸ்ட்) நார்மல்னு வந்தா, தயவுசெஞ்சு புள்ளைய அடம், கவனமில்லைன்னு திட்டாதீங்க. ஆடிட்டரி ப்ராசஸிங் டிஸ்ஆர்டரா இருக்கலாம், சுருக்கமா ஏபிடி. காது சத்தத்த சரியா அனுப்புது, மூளை அத பிரிச்சு எடுக்குறதுல தான் சிக்கல். ஆடியோகிராம் சத்தமே இல்லாத ரூம்ல பீப் பீப்னு வச்சு எடுக்குறது, க்ளாஸ் ரூம் இரைச்சல்ல என்ன நடக்குதுன்னு அது காட்டாது.

மொதல்ல ஈஎன்டி டாக்டர்ட்ட அழுக்கு, செவிப்பறைக்குப் பின்னாடி நீர் இருக்கான்னு பாத்துடுங்க. அப்புறம் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேக்குறத டெஸ்ட் பண்ற நிபுணர். எல்லாரும் ஏபிடி டெஸ்ட் பண்றதில்ல, போன்லயே கேட்டுட்டு போங்க, மைசூர்ல அய்ஷ்ங்கற (AIISH) பேச்சு, காது கேக்குறதுக்கான தேசிய நிறுவனத்துல பண்றாங்க. பொதுவா 7 வயசுக்கு மேல தான் எடுப்பாங்க, அதுக்கு முன்னாடி ரிசல்ட் நம்பகமா வராது. ரெண்டு காதுலயும் ஒரே நேரத்துல வேற வேற நம்பர் சொல்லி ரெண்டையும் திருப்பிச் சொல்லச் சொல்றது, இரைச்சலுக்கு நடுவுல வார்த்தைய புடிக்கச் சொல்றது, இப்டித்தான் இருக்கும். ஒண்ணு முக்கியம், வீட்டுல தமிழ் மட்டும் பேசுற புள்ளைக்கு இங்கிலீஷ் வார்த்தைய வச்சு டெஸ்ட் பண்ணா மார்க் கொறையத்தான் செய்யும், அத வச்சு முடிவு பண்ண விடாதீங்க. ஏடிஹெச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்குற பிரச்சன), பேச்சு தாமதம் ரெண்டும் பாக்க இதே மாதிரி இருக்கும்ங்கறதால சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட்டும் பாக்கணும்.

இதுக்கு மாத்திரை கிடையாது. மூணு மாசத்துல குணமாகும்னு பாட்டு, ஆப் விக்கிறவங்கட்ட காசு விட்டுறாதீங்க. கேட்டுப் பழகுற ட்ரெய்னிங்க ஆடியாலஜிஸ்ட் சொல்றபடி பண்ணுங்க, வீட்டுல பேசுறதுக்கு முன்னாடி டிவிய அணைங்க, முகம் பாத்து ஒரு நேரத்துல ஒரே ஒரு வேலை சொல்லுங்க. புரியலன்னா அதையே கத்திச் சொல்லாம வேற வார்த்தைல சொல்லி, "இப்ப என்ன செய்யணும் சொல்லு"ன்னு கேளுங்க.

ஸ்கூல்ல தான் பெரிய போராட்டம். சத்தம் போடுற ஃபேன், ரோட்டுப்பக்க ஜன்னல் ரெண்டுக்கும் தள்ளி, டீச்சர் பக்கத்துல உக்கார வைக்கச் சொல்லுங்க. டீச்சர் மைக் மாட்டிக்கிட்டா புள்ளை காதுல நேரா கேக்குற ரிமோட் மைக் செட்டும் இருக்கு, ஆடியாலஜிஸ்ட் சொன்னா மட்டும் வாங்குங்க. ஹோம்வொர்க்க வாயால மட்டும் சொல்லாம போர்டுல எழுதச் சொல்லுங்க, டிக்டேஷன்ல விட்ட வார்த்தைக்கு அடிக்கக் கூடாதுன்னு ரிப்போர்ட் காப்பிய குடுத்து நேர்லயே சொல்லுங்க, வருஷா வருஷம் டீச்சர் மாறும்போதும் மறுபடி போய் சொல்லணும்.