வானியலில் போஸ்ட்டாக்: விளம்பரத்தைத் தேடும் முன் தரவைத் தேடுங்கள்

போஸ்ட்டாக் என்பது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி. பிஎச்.டி. முடிய ஓராண்டு இருக்கும்போதே அதைத் தேடும் வேலையில் இறங்கிவிடுங்கள். வானியலில் இதற்கென்று ஒரு பருவம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடைசித் தேதிகள் வரிசைகட்டும். சேர்வதோ அடுத்த ஆண்டு செப்டம்பர் வாக்கில். கோட்டைவிட்டால் பெரும்பாலும் அடுத்த பருவம்தான்.

படி 1: தரவைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் பல்கலைக்கழகப் பெயரில் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த சில ஆண்டுகள் எந்தத் தொலைநோக்கியின் தரவோடு குடித்தனம் நடத்தப் போகிறீர்கள்? அரிசோனாவில் 5,000 ஒளியிழைகளால் நிறமாலை எடுக்கும் டெசி கருவியா, 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியா, சிலியில் 8.4 மீட்டர் ஆடியுள்ள ரூபின் ஆய்வகமா? உங்கள் கை பழகிய திட்டத்தில் எந்தெந்த நிறுவனங்கள் உறுப்பு என்று பாருங்கள். விண்ணப்பப் பட்டியலின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

படி 2: இரண்டு வகையும் தெரிந்திருக்கட்டும்

ஒன்று, பேராசிரியரின் நிதியில் அவருடைய திட்டத்துக்கு வேலை செய்வது. இவை அமெரிக்க வானியல் சங்கத்தின் வேலைப் பதிவேட்டில் வரும். மற்றது, உங்கள் சொந்த யோசனைக்குக் கிடைக்கும் ஃபெல்லோஷிப். நாசாவின் ஹப்பிள் ஃபெல்லோஷிப்புக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அமெரிக்காவில்தான் பணி. ஐரோப்பிய தெற்கு ஆய்வகம் ஜெர்மனியின் கார்ஷிங்கிலும் சிலியிலும் இடம் தருகிறது. சிலிக்குப் போனால் மலை உச்சியில் இரவுப் பணியும் சேர்ந்து வரும். தூக்கப் பிரியர்கள் யோசிக்கவும். இந்தியாவில் புனேயின் ஐயூகா (பல்கலைக்கழகங்களுக்கான வானியல் மையம்), பெங்களூரின் ராமன் ஆராய்ச்சிக் கழகம், இந்திய வானியற்பியல் கழகம் ஆகியவற்றின் இணையதளங்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

படி 3: ஆய்வுத் திட்டம்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். “இருண்ட ஆற்றலின் தன்மையை அறிய விரும்புகிறேன்” என்று எழுதினால் யார் விண்ணப்பமும் அப்படித்தான் இருக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: “டெசி காட்டும் விண்மீன் மண்டலப் பரவலை சிலியின் அடகாமா தொலைநோக்கியின் ஈர்ப்பு லென்சிங் (நிறையின் ஈர்ப்பால் ஒளி வளைவது) வரைபடத்தோடு ஒப்பிட்டு, பருப்பொருள் திரண்ட வேகத்தை அளப்பேன். முதல் ஆண்டில், நம் பால்வழியின் தூசி அளவீட்டைக் கெடுக்கிறதா என்று போலி வான வரைபடங்களில் சோதிப்பேன். அதற்கான நிரல் தயார்.” தரவு எது, அளவு எது, எங்கே சறுக்கலாம், கையில் என்ன இருக்கிறது, எல்லாம் வந்துவிட்டது. படிப்பவர் கருந்துளை ஆய்வாளராகவும் இருக்கலாம், ஆகவே முதல் பக்கத்தில் சுருக்கெழுத்துகளைக் கொட்டாதீர்கள்.

படி 4: பரிந்துரைக் கடிதங்கள்

வழக்கமாக மூன்று. ஒரு மாதம் முன்பே கேளுங்கள், கடைசித் தேதிகளை அட்டவணையாக அனுப்புங்கள். வழிகாட்டியைத் தவிர, உங்களோடு கட்டுரை எழுதிய வெளி நிறுவனத்துக்காரர் ஒருவராவது இருந்தால் நல்லது.

படி 5: வாய்ப்பு வந்த பிறகு

அமெரிக்க வானியல் சங்கத்தின் கொள்கைப்படி, பிப்ரவரி 15-க்கு முன் முடிவு சொல்லும்படி நெருக்கக் கூடாது. எல்லா நாட்டிலும் இது செல்லாது என்பதால் மரியாதையாகக் கெடு கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். சொந்த ஆய்வுக்கு எவ்வளவு நேரம், கூட்டுத் திட்டத்தின் வெளிவராத தரவு கிடைக்குமா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வாய்ப்பு கையில் இருந்தால் வேண்டாததை அன்றே மறுத்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இன்னொருவர் இருப்பார்.