வெள்ளம் வடிந்த ஊருக்குப் போகும் நர்சிங் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்து விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் நர்சிங் கல்லூரிப் பிள்ளைகள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். அவர்கள் உழைப்பில் குறையே இல்லை. ஆனால் 2018இல் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் எங்கள் குழுவினர் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்த்தேன். கை கழுவு, கையுறை போடு என்பதெல்லாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

கஜா சமயத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயாளி. அவருடைய மாத்திரைப் பை வீட்டுக் கூரையோடு போய்விட்டது. மருத்துவ முகாம் போட வந்த ஒரு குழு, நன்கொடையாக வந்த பெட்டியிலிருந்து கிளிமிபிரைடு எடுத்துக் கொடுத்தது. சீட்டு எழுதவில்லை, ஊர் நர்ஸிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வண்டி வந்தது. அவர்கள் வழக்கமான கிளிபென்கிளமைடைக் கொடுத்தார்கள். பெயர் வேறு, அட்டை வேறு. அந்த அம்மா இரண்டையும் போட்டுக்கொண்டார்.

இரண்டுமே கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் ஒரே வகை மருந்து. முகாமிலோ சாப்பாடு நேரத்துக்கு வராது. அரைவயிற்றோடு படுத்தவர் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, எழுப்பினால் எழாமல் கிடந்தார். பக்கவாதம் என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார்கள். குளுக்கோமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். ஆனால் கிளிபென்கிளமைடு உடம்பில் நெடுநேரம் நிற்கும், ஏறிய சர்க்கரை மறுபடியும் இறங்கும். அதனால் மரங்கள் விழுந்து கிடந்த சாலையில் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

"ரெண்டு பேரும் நல்லதுக்குத்தானேம்மா குடுத்தாங்க?" என்று அவர் பிறகு கேட்டார். அவர் மீது என்ன தப்பு?

ஃபெஞ்சலுக்குப் பிறகும் ஒரு கோயில் மண்டபத்தில் அதே மாதிரி பெட்டி, அதே மாதிரி வரிசை. "சுகரா? பிரஷரா?" என்று கேட்டு அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது இதற்குச் சாக்கே கிடையாது. 2021 ஆகஸ்டில் வீட்டுக்கே வந்து மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கியதிலிருந்து, யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்குச் சர்க்கரை, யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்ற விவரம் ஊரிலேயே இருக்கிறது. எனவே முகாமுக்கு மேசை போடுவதற்கு முன் கிராம சுகாதார செவிலியரைப் போய்ப் பாருங்கள். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்கும், அதையும் விசாரியுங்கள்.

மருந்து எழுதுவது டாக்டர் வேலை. கேட்பதும் குறித்துவைப்பதும் நம் வேலை. கடைசியாக எப்போது மாத்திரை போட்டார், வேறு யாராவது கொடுத்தார்களா, இன்று என்ன சாப்பிட்டார் என்று மூன்றையும் கேளுங்கள். மருந்தின் பெயர், அளவு, வேளை, தேதி எல்லாவற்றையும் தமிழில் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். சாயங்காலம் வேன் ஏறும் முன் முழுப் பட்டியலின் நகலைச் செவிலியரிடம் ஒப்படையுங்கள். காசநோய், வலிப்பு, மனநோய் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர் யாராவது மாத்திரை தீர்ந்துவிட்டது என்றால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம். அப்போதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போடுங்கள்.

எலிக்காய்ச்சல் மாத்திரையை வரிசையில் நிற்பவர்க்கெல்லாம் கொடுப்பது

டாக்ஸிசைக்ளின் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்பது வெள்ளநீரில் இறங்கி வேலை செய்யும் பெரியவர்களுக்கான தடுப்பு அளவு. கர்ப்பிணியா என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் கூடாது. சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கிய உடனே படுக்கக் கூடாது. இதையும் சொல்லி அனுப்புங்கள்.

"அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சு?"

கேட்காதீர்கள். அவர்களாகவே சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

தாய்ப்பால் கொடுப்பவருக்குப் பால்பவுடர்

கூடாது. கிணறெல்லாம் கலங்கிக் கிடக்கும் ஊரில் அது வயிற்றுப்போக்கில்தான் கொண்டுபோய் விடும்.

செல்ஃபி

வேண்டாம்.

காயமெல்லாம் முதல் நாளோடு முடிந்தது என்று நினைப்பது

புயலன்று அடிபட்டவர்களை 108 கொண்டுபோயிருக்கும். அதன் பிறகுதான் ஓடு மாற்றக் கூரையில் ஏறுவார்கள், விழுந்த தென்னையை அறுப்பார்கள், சேற்றுக்குள் கிடக்கும் தகரத்தை வெறுங்காலால் மிதிப்பார்கள். ஆக, இரண்டாவது வாரம் போகும் குழுவுக்கும் கட்டுப்போடும் பொருள் நிறைய வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். சேறு புகுந்த காயத்தைச் சுத்தமான தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவாமல் மூடிக் கட்டினால் உள்ளே சீழ் பிடிக்கும். அடுத்த கட்டை யார், எந்த நாளில், எங்கே மாற்றுவார்கள் என்பதையும் அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.