வலிக்கட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்: சிறுநீரகக் கோளாறைக் கண்டுபிடிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் யாருக்காவது இடுப்பு வலித்தால் உடனே வரும் சந்தேகம் 'கிட்னியா இருக்குமோ' என்பதுதான். ஸ்கேன் எடுப்பார்கள். கல் இல்லை என்று வந்ததும் நிம்மதி. அதே ஆளுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கும், காலில் வீக்கமும் இருக்கும். அதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் எழாது. கல் வலிக்கும், கிருமித் தொற்றும் வலிக்கும். ஆனால் சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும் மெல்ல மெல்லக் கெடுகிற சிறுநீரகம் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு முக்கியக் காரணங்களே இந்த இரண்டும்தான். வலி வரட்டும் என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

வீக்கத்துக்கு நம்மிடம் சமாதானம் நிறைய உண்டு. கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றது, பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்தது, வயசு. காலையில் எழும்போதே கண்ணைச் சுற்றி உப்பியிருக்கிறதா, மெட்டி இறுகுகிறதா என்று பாருங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன் எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் சமாதானம் தேடாமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். இதயம், கல்லீரல் கோளாறிலும் கால் வீங்கும், ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையாலும் வீங்கும். எதனால் என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சிறுநீர் வேகமாக விழுந்தால் யாருக்கும் கொஞ்சம் நுரைக்கும், அடங்கிவிடும். சோப்பு நுரை மாதிரி பொங்கி, தண்ணீர் ஊற்றிய பிறகும் போகாமல் தினமும் நின்றால், புரதம் ஒழுகுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இதை உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்தபடி மாதக்கணக்கில் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து போவதற்கும் சர்க்கரை, ப்ராஸ்டேட் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் புதிதாகத் தொடங்கியிருந்தால் கேட்டுவிடுவதே நல்லது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு தடவைதானே என்று விடக் கூடாது.

அப்புறம், சந்தோஷப்பட்டு ஏமாறுகிற ஓர் அறிகுறி உண்டு. வருஷக்கணக்கில் அடங்காத சர்க்கரை திடீரென்று தானாக இறங்கும். இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டி வரும். 'நோய் போயே போச்சு' என்று வீட்டில் இனிப்பு கூடச் செய்வார்கள். இன்சுலினை உடம்பிலிருந்து கழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது தளர்ந்தால் போட்ட இன்சுலின் நெடுநேரம் தங்கிச் சர்க்கரையைக் கீழே இழுக்கும். சாப்பாட்டையோ மருந்தையோ மாற்றாமல் அடிக்கடி தாழ்சர்க்கரை மயக்கம் வந்தால் அந்த வாரமே சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு கிரியாட்டினின். அதன் ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. 1.2 என்று வந்திருக்கும், பக்கத்தில் தடித்த எழுத்து இருக்காது, நார்மல் என்று பீரோவில் வைத்துவிடுவார்கள். இந்த எண் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. 25 வயதுப் பையனுக்கு 1.2 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். சுமார் 86 வரும். 70 வயது ஆச்சிக்கு அதே 1.2 என்றால் ஏறக்குறைய 49-தான். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அதனால் லேபில் ஈ.ஜி.எஃப்.ஆர். போட்டுத் தரச் சொல்லுங்கள்.

அதுவும் பாதிப் படம்தான். கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருஷம் முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கலாம். சிறுநீரில் உள்ள ஆல்புமினைக் கிரியாட்டினினோடு ஒப்பிட்டு அளக்கும் சோதனை அது; யூரின் ஏ.சி.ஆர். என்று கேட்டால் லேபில் தெரியும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருக்கும்போது தற்காலிகமாகக் கூடும் என்பதால், கூடுதலாக வந்தால் மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள். சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் இந்த இரண்டையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தால், நோய் ஒன்றும் இல்லாதவர்களும் எடுத்துக்கொள்வது நல்லது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரை வாசலுக்கே வருகிறது, பெரிய உதவி. இந்தப் பரிசோதனைகளுக்கு நாம்தான் கிளம்பிப் போக வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மாத்திரை விஷயம். 'இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுத்துடும்' என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டெல்மிசார்டன் போன்ற சில பிரஷர் மருந்துகள், புரதம் ஒழுகும் சிறுநீரகத்தைக் காக்கவே கொடுக்கப்படுபவை. ஆனால் மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் போடும்போது யாருக்கும் பயம் வருவதில்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான். வெயிலில் வேலை செய்து உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அந்த மாத்திரை இன்னும் மோசம். கொத்து வேலை, வயல் வேலை பார்ப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பஸ்பம், லேகியத்துக்கும் இதே எச்சரிக்கை.

வாழைத்தண்டுச் சாறு, இளநீர், குடம் குடமாகத் தண்ணீர் என்று சுயவைத்தியம் தொடங்குவதும் ஆபத்தாக முடியலாம். இளநீர் போன்றவற்றில் உள்ள பொட்டாசியம் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு உடம்பில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வீக்கம் உள்ளவருக்குத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்வார்கள். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும், கேட்காமல் மாற்ற வேண்டாம். சாதா உப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புக்கண்டமும் மோர்மிளகாயும் மாவடுவும் இருக்கிற இலையில் அது சீக்கிரம் தாண்டிவிடும்.

செட்டிநாட்டில் எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. போனில் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்ப்பா' என்றுதான் பதில் வரும். ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், முகம் உப்புகிறதா, வழக்கமாக விரும்புகிற கறிக்குழம்பு குமட்டுகிறதா, உடம்பு அரிக்கிறதா என்று பிரித்துக் கேளுங்கள். குமட்டலும் அரிப்பும் நோய் முற்றிய பிறகு வருபவை, தள்ளிப்போட நேரமில்லை. சிறுநீர் வெகுவாகக் குறைந்துபோனாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ அக்கம்பக்கத்தில் யாரையாவது அனுப்பி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.