ஒரே சூட்டில் இரண்டு ஒட்டுவிசை: வெனேடியம் டை ஆக்சைடில் அளக்கும் முறை

வெனேடியம் டை ஆக்சைடு சுமார் 68 டிகிரி செல்சியஸில் மின்கடத்தா நிலையிலிருந்து உலோக நிலைக்குத் தாவும். 1959-இல் இயற்பியலாளர் மோரின் கண்டறிந்தது இது. நெல்லை அல்வா சூட்டில் இளகுவது மாதிரி நினைத்துவிடாதீர்கள். இங்கே எதுவும் உருகவில்லை. கட்டுண்ட எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன, படிக அமைப்பும் சற்று மாறுகிறது. விடுபட்ட எலக்ட்ரான்களால் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு (நெருங்கும் இரு பொருள்களுக்கிடையே எழும் மெல்லிய இழுப்பு), அதனால் பரப்பின் ஒட்டுவிசையும், கொஞ்சம் கூடவேண்டும். அந்தக் கொஞ்சத்தை அளப்பதுதான் பாடு.

சபையர் (நீலக்கல்) தகட்டின் மேல் படிந்த 100 நானோமீட்டர் தடிமன் படலம் போதும். அசிட்டோனில், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில், தலா 5 நிமிடம் கழுவுங்கள்; நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். ஐப்பசி மழைக்காலத்தில் வெளியே வைக்காதீர்கள், ஈரம் பட்டால் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றமாகிக் கெடும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாதான் அதற்கு இடம்.

அடுத்து, விளிம்பில் இரண்டு மின்முனை ஒட்டி, சூடேற்றிக்கொண்டே மின்தடையைப் பாருங்கள். நல்ல படலத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல் இறங்கும். பத்து மடங்குகூட இறங்காவிட்டால் படலத்தை மாற்றுங்கள். ஏறும்போது 70-இல் தாவியது, இறங்கும்போது 62-இல்தான் திரும்பும் என்று வையுங்கள். இந்தத் தயக்கம்தான் நமக்குப் பிடி.

அணுவிசை நுண்ணோக்கியில் (கூர்முனையால் பரப்பைத் தொட்டு விசையை அளக்கும் கருவி) உலோகப் பூச்சில்லாத சிலிக்கான் நெம்புகோலைப் பொருத்துங்கள்; நுனியில் கூர்முனை கொண்ட மெல்லிய பட்டை அது. பூச்சிருந்தால் சூட்டில் தானே வளையும். அதன் சுருள்மாறிலி, அதாவது வளைக்கத் தேவையான விசையைச் சொல்லும் எண், 0.2 நியூட்டன்/மீட்டர் அளவில் இருக்கட்டும். முனை படலத்தைத் தொட்டு விடுபடும் நேரத்தில் நெம்புகோல் 50 நானோமீட்டர் வளைந்திருந்தால் ஒட்டுவிசை 10 நானோநியூட்டன். முனை, படலம் இரண்டையும் தரையிணையுங்கள். தேங்கிய மின்னூட்டமும் இழுக்கும். பெட்டிக்குள் உலர் நைட்ரஜன் ஓடட்டும்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். 30 டிகிரியில் ஒன்று, 85-இல் ஒன்று அளந்து கழித்தால் வருவது பெரும்பாலும் தண்ணீரின் கதை: சூட்டில் ஈரப்படலம் ஆவியாகி ஒட்டுவிசை குறையும். அதனால் 30-இல் ஒப்பீட்டுக்கு ஓர் அளவு எடுத்துவைத்துக்கொண்டு, அங்கிருந்து நேரே 66-க்கு ஏற்றி நிறுத்துங்கள். படலம் இன்னும் கடத்தா நிலையில் இருக்கும். வெவ்வேறு இடங்களில் 100 முறை தொட்டு எடுங்கள். பிறகு 85 வரை ஏற்றி, மெல்ல 66-க்கே இறக்குங்கள். சூடு அதேதான், ஆனால் இப்போது உலோக நிலை. மறுபடி 100. முதல் ஏற்றத்திலேயே தவறி 66-ஐத் தாண்டிப் போய்த் திரும்பினால் பாதி இப்படி, பாதி அப்படிக் கலந்துவிடும். 30-இலிருந்து மீண்டும் தொடங்கவேண்டியதுதான். சூடேற்றியின் எண்ணைவிடப் படலத்தின் மின்தடையையே நம்புங்கள்.

வெறும் சபையரிலும் இதே சுற்றை ஓட்டுங்கள். அங்கேயும் வித்தியாசம் வந்தால் அது எலக்ட்ரானால் வந்ததல்ல. படிக மாற்றத்தின் பங்கை இந்த முறையால் பிரிக்க முடியாது, அதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் 30-க்குத் திரும்பி, தொடக்கத்தில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் முனை மழுங்கியிருக்கும் அல்லது அழுக்கேறியிருக்கும்; அன்றைய அளவுகளை ஒதுக்கிவிட்டுப் புது முனை மாட்டுங்கள்.