டியூஷன் சேர்க்கும் முன் விடைத்தாளைக் கையில் எடுங்கள்

காலாண்டுத் தேர்வு மார்க் வந்ததும் பதறிப்போய், பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிற டியூஷனிலேயே நம் பிள்ளையையும் கொண்டுபோய் விடுகிறோமே, முதல் தவறு அதுதான். நானும் செய்தேன். மகள் எட்டாம் வகுப்பு, அல்ஜீப்ராவில் தடுமாறினாள். மூன்று மாதம் கழித்து டியூஷன் நோட்டைப் புரட்டினேன். முத்து முத்தான கையெழுத்து, ஒவ்வொரு கணக்குக்கும் சிவப்பு மையில் டிக். அதே கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போட வரவில்லை, எல்லாம் போர்டைப் பார்த்து எழுதியது. அப்புறம்தான் பழைய விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிக்கல் அல்ஜீப்ராவில் இல்லை, பின்னத்தில். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதுகிறாள்! இதைச் சரிசெய்யாமல் எட்டாம் வகுப்புப் பாடத்தை எத்தனை முறை நடத்தினாலும் ஏறாது.

அதனால் விடைத்தாளோடு போய் ஆசிரியரிடம் காட்டுங்கள். எங்கே தவறுகிறது என்று பார்த்துச் சொல்கிறவர் வேண்டும், பார்க்காமலேயே "விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்பவர் வேண்டாம்.

வாசலில் இருக்கிற ஃப்ளெக்ஸ் படத்தை நம்பிச் சேர்க்காதீர்கள். 490 எடுத்த பிள்ளை எங்கே படித்திருந்தாலும் எடுத்திருக்கும். 40 எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை இங்கே வந்து 65 எடுத்ததா என்று கேளுங்கள். ஒரு பேட்சில் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள், ஒரு மணி நேரத்தில் 30 பேர் என்றால் ஒரு பிள்ளைக்கு 2 நிமிடம்தான்.

பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியரிடமே டியூஷன் போனால் மார்க் கூடும் என்ற கணக்கும் வேண்டாம். பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது.

ஆன்லைன் வகுப்பு சிலருக்குச் சரிவரும். ஆனால் நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 16 மார்க் இருக்கிறது, காம்பஸ் பிடிக்கிற கையைப் பக்கத்தில் இருந்து யாராவது பார்த்துத் திருத்தத்தான் வேண்டும்.

வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் அனுப்பிப் பாருங்கள், வீடு திரும்பியதும் "இன்னைக்கு என்ன சந்தேகம் கேட்டே?" என்று கேளுங்கள். "கேட்டா திட்டுவாங்க" என்று பதில் வந்தால், மறுநாளே வேறு ஆளைத் தேடத் தொடங்குங்கள்.