முதலில் பிரிண்டரைப் பாருங்கள்: வீட்டுக்கு எந்த ஓ.எஸ். என்ற விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதிலிருந்து சேலத்து வீடுகளில், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளாக (ஓ.எஸ்.) எதைப் போடுவது என்ற பழைய சண்டை புதுசாகக் கிளம்பியிருக்கிறது. காலேஜ் படிக்கிற பையன், இலவச ஓ.எஸ்.ஸான லினக்ஸ் போடலாம் என்கிறான். விண்டோஸ் இல்லாமல் கணக்கு வழக்கு ஓடாது என்கிறார் மாமா. ஐ.டி. வேலையில் இருக்கும் அக்கா, ரெண்டும் வேண்டாம், மேக் வாங்குங்க என்று பெங்களூரிலிருந்து வீடியோ காலில் தீர்ப்பு சொல்லிவிடுகிறாள். மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மேசைமேல் இருக்கிற மெஷினின் வயது, அதில் தினமும் உட்காரப் போகிறவர், பக்கத்தில் இருக்கிற பிரிண்டர், இந்த மூன்றையும் பற்றி மூவரும் வாய் திறப்பதில்லை. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன.

ஹார்ட் டிஸ்கின் பழியை விண்டோஸ் தலையில் கட்டுவது

"அண்ணா, சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. லினக்ஸ் போட்டா பறக்குமாமே?" ஐந்து ரோடு பக்கத்து சர்வீஸ் கடைகளில் இந்தக் கேள்வியைக் கேட்காத நாளே இருக்காது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 'டிஸ்க்' என்ற கட்டம் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்கில். அதைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டால் அதே விண்டோஸ் நிமிடக்கணக்கில் எடுத்த வேலையை நொடிக்கணக்கில் முடிக்கும். 4 ஜி.பி. ராமை 8 ஆக்கினால் இன்னும் நல்லது.

இங்கே விவாதம் எப்படித் தடம் புரள்கிறது என்றால், பையன் தன்னுடைய எஸ்.எஸ்.டி. லேப்டாப்பில் ஓடும் லினக்ஸையும் அப்பாவின் ஹார்ட் டிஸ்க் மெஷினில் ஓடும் விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறான். பார்க்கிறவருக்கு லினக்ஸ் ஜெயித்தது போலத் தெரியும். உண்மையில் அங்கே ஓடியது டிஸ்குகளின் பந்தயம். 4 ஜி.பி.க்கு மேல் ராம் ஏற்ற வழியே இல்லாத மெஷினில் மட்டும் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான பதிப்புக்கு நிஜமாகவே ஒரு சாதகம் உண்டு.

இன்னொரு பக்கம், விண்டோஸ் 11 ஏறாது என்று யாரோ சொன்னதை நம்பிப் புது லேப்டாப்புக்குக் கிளம்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக அனுமதி. ஐ5-7200யூ என்று ஒட்டியிருந்தால் ஏழாம் தலைமுறை, ஏறாது. ஐ5-8250யூ என்றால் ஏறும். எட்டாம் தலைமுறை மெஷினிலும் டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று வந்தால், மெஷின் தொடங்கும்போதே திறக்கிற பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். பல மெஷின்களில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஏறாத மெஷினில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிற கடைகள் உண்டு. அப்படி ஏற்றியதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. அவசரப்படாதவர்களுக்கு, விண்டோஸ் 10க்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. பதிவு செய்து கொள்ள வேண்டும்.

கணக்கு எழுதும் டேலியை மறந்துவிட்டுப் பேசுவது

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படித்தான் போகும்.

"மாப்ள, அதுல டேலி வருமாடா?"

"வைன்னு ஒண்ணு இருக்குது மாமா. விண்டோஸ் சாஃப்ட்வேரை அதுல ஓட வெச்சுரலாம்."

"அப்ப ஆடிட்டர் ஆபீஸ் பையன் வந்து பென் டிரைவ் மாதிரி ஒண்ணு சொருகிக் கையெழுத்துப் போடுவானே, அது?"

"அது... பாத்துக்கலாம் மாமா."

அந்த 'பாத்துக்கலாம்' ஜி.எஸ்.டி. கடைசித் தேதி அன்று ராத்திரி பத்து மணிக்கு வந்து நிற்கும். டேலி பிரைம் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. வைன் வழியாக ஓடவைக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் டேலியோடு சேர்த்து வாங்கிய சின்னச் சின்ன இணைப்பு நிரல்கள், பில் அடிக்கும் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஓட வேண்டும் என்றால் சிக்கல். ஜி.எஸ்.டி. தளம் எந்த ஓ.எஸ்.ஸிலும் பிரவுசரில் திறக்கும். டோக்கனைத் தளத்தோடு பேச வைக்கும் இடைநிரலைத்தான் உங்கள் ஓ.எஸ்.ஸுக்கு உண்டா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். பிழைப்பு ஓடுகிற மெஷினில் பரீட்சை எழுதிப் பார்க்கக் கூடாது. அங்கே விண்டோஸ் இருக்கட்டும், அதுவும் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ். காசு கொடுக்காமல் விண்டோஸை ஓட்டத் தரும் 'ஆக்டிவேட்டர்' என்ற திருட்டு நிரலைப் போடுவதற்கு முன் 'ஆன்டிவைரஸை அணைத்து வை' என்று அது ஏன் கேட்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும்.

அதே வீட்டில் யூடியூப், மின்கட்டணம், ரயில் டிக்கெட், மகளின் அசைன்மென்ட் என்று மட்டும் ஓடுகிற இரண்டாவது மெஷின் இருக்கிறதா? அதில் லினக்ஸ் போடலாம், தாராளமாக. ஒரே வீட்டில் ஒரே ஓ.எஸ்.தான் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒன்று மட்டும்: ஆன்லைன் பரீட்சைக்கு சேஃப் எக்ஸாம் பிரவுசர் கேட்கிற கல்லூரி என்றால், அது லினக்ஸுக்குக் கிடையாது.

'லினக்ஸில் தமிழ் வராது' என்ற கதை

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவர்களிடமிருந்துதான் இது அதிகம் வருகிறது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். புது விண்டோஸிலும் அப்படித்தான், மேக்கிலும் அப்படித்தான். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துச் செய்தவை. எழுத்துரு ஃபைலைக் கொண்டுபோய் லினக்ஸிலும் நிறுவிவிட்டால் எழுத்து சரியாகிவிடும். எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடில் அடித்ததற்கு இந்தத் தொல்லையே கிடையாது.

தட்டச்சும் அப்படியே. என்.எச்.எம். ரைட்டரில் பழகியவர்களுக்கு அது லினக்ஸில் இல்லை என்றதும் கை ஓடாது. ஆனால் ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் முறை மூன்றும் வந்துவிடும். மேக்கில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் கூடவே வருகின்றன. தமிழை வைத்து எந்த ஓ.எஸ்.ஸையும் ஒதுக்க வேண்டியதில்லை. போட்டோஷாப், கோரல்டிரா இல்லாமல் வேலை நடக்காது என்றால் மட்டும் லினக்ஸை விட்டுவிடுங்கள்.

பிரிண்டர் விஷயத்தில்தான் நான் கறாராகச் சொல்வேன். நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் நிறைய இருக்கிற மலிவான பழைய லேசர் பிரிண்டர்கள், பக்கத்தை உருவாக்கும் வேலையில் பெரும்பகுதியைக் கணினியில் இருக்கும் டிரைவரிடமே தள்ளிவிடும். கம்பெனி லினக்ஸுக்கு டிரைவரை ஒழுங்காகத் தரவில்லை என்றால் அந்த பிரிண்டர் வெறும் பெட்டிதான். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 'ஏர்பிரின்ட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது ஆப்பிளுக்கான முத்திரை என்றாலும், மேக்கும் லினக்ஸும் அச்சடிக்க கப்ஸ் என்ற ஒரே வழியைச் சார்ந்தவை என்பதால், அந்த பிரிண்டர் பெரும்பாலும் லினக்ஸிலும் டிரைவர் இல்லாமலே ஓடிவிடும்.

பழைய நினைப்பில் வாதாடுவது

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அதை ஒருதரம் திறந்துவிட்டு அழித்தவர்கள் பலர். இன்றைக்கும் அவர்களுக்கு லினக்ஸ் என்றால் அந்த முகம்தான். லினக்ஸ்காரர்களும் சளைத்தவர்களில்லை, விண்டோஸைத் திட்ட இன்னும் 2007இல் வந்த விஸ்டாவைத்தான் இழுப்பார்கள்.

'லினக்ஸில் வைரஸே கிடையாது' என்பதும் இந்த வகைதான். வீட்டு லினக்ஸைக் குறிவைப்பவர்கள் குறைவு என்பது சரி. ஆனால் 2024 மார்ச்சில் லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன நிரலுக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தது வெளியே வந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், லாகின் அரை நொடி தாமதமாவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர். வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில்! விண்டோஸ் பக்கம், 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிக் காசு கேட்டு உலகத்தையே ஆட்டிய வான்னாகிரைக்கு மார்ச்சிலேயே அப்டேட் வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் சிக்கினார்கள்.

மேக் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. ஐபோன் இருக்கிற, படம் வீடியோ வெட்டுகிற வீட்டுக்கு நல்லது. விலை உங்களுக்கே தெரியும். ஒரே தவறு, 'தேவைப்பட்டால் அதில் விண்டோஸும் போட்டுக்கலாம்' என்று நினைப்பது. இன்டெல் மேக்கில் விண்டோஸைப் போட உதவும் பூட் கேம்ப் இருந்தது. 2020 நவம்பரில் வந்த எம்1 தொடங்கி, ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளில் அது கிடையாது. அதனால் இன்டெல் மேக்கைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்றால், அவற்றில் புதியவற்றுக்கே 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26தான் கடைசிப் பதிப்பு. புது மேக்கில் ராமைப் பின்னால் ஏற்றவும் முடியாது.

ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டுக்கு என்று வாங்குகிறவர்கள் நெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். விண்டோஸ் 11 ஹோம் முதல்முறை தொடங்கும்போதே இணையத்தையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கும். சிக்னலுக்கு மொட்டை மாடி ஏற வேண்டிய வீட்டில் அந்தத் திரையிலேயே நின்றுவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன் சேலத்திலேயே ஏற்பாடு, அப்டேட் எல்லாம் முடித்துக்கொண்டு போங்கள். லினக்ஸ் மின்ட்டை பென் டிரைவிலிருந்து நெட் இல்லாமலே போட்டுவிடலாம். பெரும்பாலும் இணையத்தை நம்பியே ஓடும் குரோம்புக் அங்கே வேண்டாம்.

ஹாஸ்டலுக்குப் போகிறவன் முடிவெடுப்பது

லினக்ஸ் போட்டுக் கொடுத்த பையன் ஜூன் மாதம் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்றால் அம்மா யாரைக் கேட்பார்? தெருமுனை சர்வீஸ் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் "இதை ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுரலாங்க்கா" என்பார். தினமும் உட்காருகிறவருக்குத்தான் ஓட்டு. அவர் ஒரு வாரம் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கட்டும்; வைஃபை, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர் எல்லாம் தெரிந்துவிடும். பென் டிரைவில் மெதுவாக ஓடுவதைப் பார்த்து லினக்ஸே மெதுவு என்று மட்டும் முடிவு கட்ட வேண்டாம்.

சண்டையை முடிக்க இரண்டையும் ஒரே மெஷினில் போட்டுவிடலாம் என்று கடைசியில் ஒரு சமரசம் வரும். போடலாம். ஆனால் முதலில் போட்டோக்களையும் டேலி டேட்டாவையும் வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள். அடுத்து, டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல புது லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். லினக்ஸுக்காக, மெஷின் தொடங்கும்போது பாதுகாப்பு பார்க்கும் செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது, அது யாருடைய மெயில் ஐ.டி. என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். மூன்றாவது, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாது.

எல்லாம் முடிந்து லினக்ஸில் கொஞ்ச நேரம் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால், காலை பத்து மணிக்குக் கடிகாரம் 4.30 என்று காட்டலாம். பயப்பட வேண்டாம், மதர்போர்டு பேட்டரி மாற்றவும் கொடுக்க வேண்டாம். மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்தியாவுக்கு அந்த வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லி லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும். ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு முன் பையனிடம் அதைச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.